அவர் வைத்த கறி

கிறிஸ்துமஸுக்கென்று காலையில் பன்றித்தொடையைக் கரண்டில் மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் வைத்த சவரிமுத்து, மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். இழவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாதென்று அவருடைய தங்கை ஜெசிந்தா கேஸை மூடினாள். மூலையில் தீயில்லாமல் வெந்துகொண்டிருந்ததை ஒருவரும் நினைக்கவில்லை. சாயங்காலம் கிராம்பு மணத்தோடு கறிவாசம் கூடத்துக்கு வந்தபோது, அவர் உடலை வைத்திருந்த குளிர்பெட்டியைச் சுற்றி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்களின் குரல் தாழ்ந்தது.

ஜெசிந்தா சமையலறைக்கு ஓடினாள். பின்னாலேயே சவரிமுத்துவின் மனைவி அமலோற்பவமும் போனாள்.

"மதினி, அணைச்சிரட்டா?"

கண்ணாடி மூடிக்குள் நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தது.

"வேவட்டும். மூடியத் தொறந்துராத. தொறந்தா சூடு போயிரும்னு அவிய சொல்லுவாவ."

கூடத்தில் குளிர்பெட்டியின் கண்ணாடிமேல் வைத்திருந்த கையை, அமலோற்பவம் அந்த மூடியின்மேல் வைத்தாள். எடுக்கவில்லை.