சடை தொட்ட இடம்

“அஞ்சு நாப்பது!” என்றாள் டேப்பைப் பிடித்திருந்த தோழி.

“என் காலு அஞ்சு அம்பத்திரண்டுல விழுந்துச்சுடி!”

“காலு அங்கதான் விழுந்துச்சு. சடை இங்க விழுந்துச்சே!”

நீளம் தாண்டுதலில் ஈவு இரக்கம் கிடையாது. மணலில் பட்டது முடியே ஆனாலும், அதிலிருந்துதான் அளவு. இடுப்புக்குக் கீழே தொங்கும் அவள் சடை, ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு கோடு கிழித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

கல்லூரி அணியில் சேர ஐந்தரை மீட்டர் வேண்டும். இது அவளுக்குக் கடைசி வருஷம். இன்னும் ஒரே ஒரு தாவல் பாக்கி.

பயிற்சியாளர் கத்தரிக்கோலோடு வந்தார். கழுத்தில் வழக்கமான துண்டு.

“வெட்டிடு. இல்லன்னா வீட்டுக்குப் போ.”

“எனக்கு முடி பிடிக்கும் சார்.”

“கொண்டையாவது போடேன்!”

“பறக்கும்போது அவிழ்ந்துடுது சார்.”

“விளையாட வந்தவளுக்கு அழகு எதுக்கு? முடிமேல கவனம் இருந்தா உடம்பு காத்துல எப்படி நிக்கும்? அம்பது வயசுல நான் தாண்டறேன், பாரு!”

மற்றவர்கள் ஓட்டம் தொடங்கும் கோட்டருகே நின்றார்கள். அவள் மட்டும் மணலைச் சமன் செய்துவிட்டுக் குழியோரம் நின்றாள்.

ஓடினார். தாண்டினார். புழுதி எழுந்தது.

அது அடங்கியபோது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குழிக்குள் உட்கார்ந்திருந்தார்.

“சார், அளக்கட்டுமா?” என்று டேப்போடு ஓடிவந்தாள் தோழி.

“வராதே! எல்லாரும் போய்த் தண்ணி குடிங்க!”

எல்லோரும் திரும்பி வந்தபோது, அவள் சடையைச் சுருட்டி நாலு கிளிப் குத்தியிருந்தாள். கல்லில் செதுக்கிய மாதிரி நின்றது கொண்டை.

ஓடினாள். பறந்தாள்.

“அஞ்சு அம்பத்திமூணு!”

தோழி கட்டிக்கொண்டாள். “கிளிப் ஏதுடி?”

“சார் குடுத்தார்.”

“சார்கிட்ட ஏது கிளிப்?”

“அவர் வீட்டுக்காரம்மாவோடதாம்” என்றாள் அவள். அவர் குதித்த குழியில் பாதி புதைந்து கிடந்த கருகரு டோப்பாவை மணல் தட்டி எடுத்து, அதிலிருந்து அவர் கழற்றித் தந்த கிளிப்புகள் அவை என்பதை அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.