பெட்டிக்குள் வந்த பாம்பு

"டோனா எர்மீனியா! இதுதான், இதுதான் கடிச்சது! கையோட பிடிச்சிட்டு வந்துட்டேன்!"

ஜுவெனால் மரப்பெட்டியை மேசைமேல் வைத்த வேகத்தில், முதுகில் தொங்கிய வயோலா கிதார் தூணில் இடித்துக் கலகலத்தது. அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் நெஸ்டோரை வண்டியிலிருந்து தூக்கி வந்து கட்டிலில் கிடத்தினார்கள்.

டோனா எர்மீனியா பெட்டியின் வலைமூடி வழியே பார்த்தாள். ஜராராக்கா விரியன், நல்ல கொழுத்த உருப்படி. அந்த விஷமுறிவு நிலையத்தில் பாம்புகளை வளர்ப்பதும் அவள்தான், கடிபட்டு வருகிறவர்களுக்கு ஊசி போடுவதும் அவள்தான். 'கடித்த பாம்பைக் கொண்டுவந்து காட்டுங்கள், அதைப் பார்த்துத்தான் மருந்து' என்று பண்ணை பண்ணையாகப் போய்த் தொண்டை வறளச் சொல்லி, ஆளுக்கொரு பெட்டியும் சுருக்குக் கம்பும் கொடுத்துவிட்டு வந்தவளும் அவள்தான்.

"உயிரோடயா பிடிச்சே? உன்னையும் போட்டிருந்தா?"

"போட்டா போட்டுட்டுப் போகட்டும். அவன் இல்லாம எனக்கென்ன பாட்டு வேண்டிக்கெடக்கு?" ஜுவெனால் தேம்பினான்.

பாட்டில் நெஸ்டோர் முதல் குரல், ஜுவெனால் இரண்டாம் குரல். திருவிழாக்களில் இருவர் பெயரையும் சேர்த்தேதான் சொல்வார்கள். ஜுவெனாலின் மூத்த பிள்ளைக்கு நெஸ்டோர்தான் ஞானத்தகப்பன். நகரத்து ரேடியோக்காரர்கள் நெஸ்டோரை மட்டும் கூப்பிட்டிருக்கிறார்கள், ஜோடி உடைந்துவிடும் என்று சந்தையில் ஒரே பேச்சு. இந்த அழுகையைப் பார்த்தால் ஊர்வாய் வெட்கப்படும் என்று எர்மீனியா நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இவனைச் சரியான விளையாட்டுப் பிள்ளை என்று எண்ணியிருந்தாள். பிடித்த பாம்பைக் கொடுத்துப் பதிலுக்கு மருந்துக் குப்பி வாங்க வரும்போதெல்லாம் இவன் ஒரே பல்லவிதான் பாடுவான்.

"செத்த கிலுகிலுப்பைப் பாம்போட வால் ஒண்ணு குடுங்களேன் டோனா. வயோலாவுக்குள்ள போட்டா நாதம் சும்மா அள்ளிட்டுப் போகும்."

"அடுத்தவங்க குடுத்தா ராசி வராதுடா. நீயே அடிச்சு எடுக்கணும். போ, போ!" என்று விரட்டிவிடுவாள்.

ஜராராக்கா மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு கட்டிலருகே போனவள், நெஸ்டோரின் காலைப் பார்த்ததும் நின்றாள். பல் பட்ட தடம் இருந்தது, வீக்கம் இல்லை. ஜராராக்கா கடித்திருந்தால் இந்நேரம் கால் மரவள்ளிக்கிழங்கு மாதிரி பருத்திருக்கும்.

இமையை விரலால் தூக்கினாள். விட்டதும் அது தானாக விழுந்தது. நெஸ்டோர் என்னவோ சொல்ல வந்தான், நாக்கு புரளவில்லை.

"கடவுளே, இது கிலுகிலுப்பைப் பாம்பு வேலையாச்சே!"

கையிலிருந்த ஊசியை அப்படியே கீழே வைத்துவிட்டு அலமாரிக்கு ஓடினாள். அந்தப் பாம்புக்கான மருந்தை எடுத்துப் போட்டு முடித்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. தன் கையாலேயே ஒருவனைக் கொன்றிருப்பாளே!

பதற்றத்தில் புல்லைக் கலைத்து, முதலில் கண்ணில் பட்ட பாம்பைப் பிடித்து வருவது இங்கே புதிதல்ல. ஜுவெனாலிடம் அவள் மருந்து மாறியதைச் சொல்லவில்லை. பாவம், தெரிந்தால் உடைந்துபோவான்.

"எப்படி இருக்கான் டோனா? பொழைப்பானா?" என்று அவன் வாசலிலிருந்து கேட்டபோதும், "வேண்டிக்கோப்பா" என்று மட்டும் சொன்னாள்.

பொழுது சாயும் நேரத்தில் நெஸ்டோரின் இமைகள் பாதி திறந்தன. முற்றத்தில் ஜுவெனால் வயோலாவை மீட்டி, இருவரும் சேர்ந்து பாடும் பாட்டைத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தான். நெஸ்டோரின் முதல் குரலையும் அவனே எடுத்திருந்தான். வயோலாவின் நாதம் என்றுமில்லாமல் இனித்தது.

"கேக்குதா? உனக்காகத்தான் பாடிட்டிருக்கான்" என்று எர்மீனியா அவன் கையைத் தடவினாள். "அவன்மேல கோவிச்சுக்காதேப்பா. பதற்றத்துல வேற பாம்பைப் பிடிச்சிட்டு வந்துட்டான்."

"வேறயா?" நெஸ்டோருக்கு வார்த்தை குழறித்தான் வந்தது. "எந்தப் பாம்பு?"

"பெட்டியில ஜராராக்கா."

"அது... நேத்தே அவன் பிடிச்சு வெச்சதாச்சே. உங்ககிட்ட குடுத்து மருந்துக் குப்பி வாங்க."

எர்மீனியாவின் கை அப்படியே நின்றது. நெஸ்டோர் முற்றத்துப் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது, அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்குக் கை எழவில்லை.

"என்னைக் கடிச்ச பாம்பை அவன்தான் அடிச்சுக் கொன்னான், டோனா. அதோட வாலுதான் அந்த வயோலாவுக்குள்ள கிலுகிலுக்குது."