நாரை வரும் பக்கம்

"பாருங்க டாக்டர், நாரை வந்ததும் எப்படி ஏறுதுன்னு!"

பெரிய சிஸ்டர் கட்டிலருகே இருந்த திரையைக் காட்டினாள். எழுபதில் கிடந்த இதயத்துடிப்பு எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு, நூற்றுப்பத்து என்று ஏறியது. கட்டிலில் படுத்திருந்தவர் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. 'மூச்சுத் தடை, மூளை பாதிப்பு' என்று எழுதி, வேறொரு ஆஸ்பத்திரி கைவிரித்த பிறகு இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டு மாதம் ஆகிறது.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி. மடியில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். இந்தக் காலத்து அமெரிக்கக் கவிஞர் ஒருவர் காடு, குளம், பறவை என்று ஆயுசு முழுக்க எழுதியதையெல்லாம் மொழிபெயர்த்து, ஒன்றாகக் கட்டிய தொகுப்பு. வரி வரியாக விரலை ஓட்டி, பிள்ளையைத் தூங்கவைக்கிற குரலில் அவள் படித்தாள்.

"நாரை அசையவில்லை.
மீன் ஒரு தரம் மேலே வந்து பார்த்தது.
மறு தரம் வந்து வாயைத் திறந்தது.
கரையில் இத்தனை அமைதியை அது கண்டதே இல்லை.
தப்பிப் போ, மீனே.
குளம் இங்கேதான் இருக்கும்.
நானும் இங்கேதான் நிற்பேன்."

நூற்றுப்பதினெட்டு.

"இந்தக் கவிஞர்னா அவருக்கு உயிர் டாக்டர்" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் அன்று முடிவெடுத்தாக வேண்டும். நீண்டநாள் நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்துக்கு அனுப்புவதா, வீட்டுக்கா?

வெளியே வந்ததும், "ஒத்தை ஆளா அந்தம்மா எப்படிப் பார்த்துக்குவாங்க? இல்லம்தான் சரின்னு படுது" என்றார்.

பெரிய சிஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "அங்க யாரு டாக்டர் இவருக்குக் கவிதை படிப்பாங்க? வேளாவேளைக்குத் திருப்பிப் போடுவாங்க, அவ்வளவுதான். ரெண்டு மாசமா தேதி போட்டுக் குறிச்சு வச்சிருக்கேன். நாம கூப்பிட்டா அசைய மாட்டார். ஊசி குத்தினாலும் அசைய மாட்டார். இந்தம்மா நாரைக் கவிதைய எடுத்தா மட்டும் மனுஷனுக்கு உசுரு வருது. உள்ளுக்குள்ள எல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருக்கார். பொண்டாட்டி கூடவே அனுப்பிடுங்க."

இருபத்தாறு வருஷ சர்வீஸ். அவள் அடித்துச் சொன்னால் டாக்டர்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை. கையெழுத்துப் போட்டார்.

உண்மையைச் சொன்னால், அந்தப் புத்தகம் பெரிய சிஸ்டரையும் ஒரு வழி பண்ணியிருந்தது. அதுவரை அவளுக்குக் கவிதை என்றால் வாழ்த்து அட்டையில் வரும் நாலு வரிதான். இப்போதோ மருந்து வண்டியை வேண்டுமென்றே மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய், அந்தக் கட்டிலருகே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். பனியில் தடம் பதித்துப் போன நரியும், இடி விழுந்த மரத்தில் துளிர்த்த ஒற்றை இலையும் வீடு வரைக்கும் அவள் கூடவே வந்தன. ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சுவரில் பாசி சுரண்ட வந்த ஆளை, "இருந்துட்டுப் போகட்டும் விடுப்பா, யார் குடியைக் கெடுத்துச்சு?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வார்டே வாயைப் பிளந்தது.

நாரைக் கவிதை மட்டும் ஏனோ அவளுக்குப் பிடிக்காது. பெரிய கவிஞர் என்றால் அப்படித்தான் எழுதுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

மறுநாள் காலை அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். தூக்கும்போது மூடிய கண்களின் ஓரத்தில் நீர் வழிந்தது.

"வீட்டுக்குப் போறோம்னு தெரிஞ்சுபோச்சு பாருங்க!" என்ற சிஸ்டருக்கும் கண் கலங்கிவிட்டது.

மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் சொல்லலைன்னா இவர என்கிட்ட குடுத்திருக்கவே மாட்டாங்க சிஸ்டர். புத்தகத்த நீங்களே வச்சுக்குங்க. எனக்கு வேண்டியது மனசுல இருக்கு."

மத்தியானம் சற்று ஓய்ந்ததும் பெரிய சிஸ்டர் டீயும் புத்தகமுமாக உட்கார்ந்தாள். அடையாள நாடா கிடந்த இடத்தைப் பிரித்தாள்.

வெற்றுத் தாள். கவிதையெல்லாம் முடிந்த பிறகு, அட்டைக்கு முன்னால் சும்மா விட்டிருக்கும் தாள். அதில் எழுத்தே இல்லை. விரல் ஓடி ஓடிப் படிந்த அழுக்குக் கோடுகள் மட்டும் வரி வரியாக, ஏழு வரிகள்.

பொருளடக்கத்தில் தேடினாள். ஆந்தை இருந்தது, காட்டு வாத்து இருந்தது, நத்தைகூட இருந்தது. நாரை எங்கும் இல்லை.

'அடி கள்ளி! சொந்தமாவே எழுதியிருக்கா. புருஷன் மேல அவ்வளவு ஆசையா?' சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அவளை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது ஆம்புலன்ஸ் டிரைவர் சாவியை மாட்டிவைக்க உள்ளே வந்தான். "பத்திரமா விட்டுட்டு வந்தாச்சு சிஸ்டர். நல்ல வீடு. பின்னாடியே பெரிய குளம். கட்டிலை ஜன்னலோரமா, குளம் தெரியற மாதிரி போடச் சொன்னாங்க."

"நல்லதுதான். காத்து வரும்."

"இல்ல சிஸ்டர், அதுலதான் இவர் முழுகினாராம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரு. வலை போட வந்த ரெண்டு பேர் பார்த்து இழுத்துப் போட்டிருக்காங்க. அது வரைக்கும் இந்தம்மா ஒரு சத்தம் போடாம, கரையில அப்படியே நின்னுக்கிட்டிருந்தாங்களாம். பயத்துல உறைஞ்சு போயிட்டாங்க போல, பாவம்."

சிஸ்டர் மடியிலிருந்த வெற்றுத் தாளைப் பார்த்தாள். இரண்டு மாதமாக அந்த மனிதர் தனக்கு முடிந்த ஒரே வழியில் அலறியிருக்கிறார். அதை ஒவ்வொரு நாளும் எழுதிவைத்து, அந்தப் பெண்ணிடமே அவரை ஒப்படைக்கச் சொன்னது அவள்தான்.