சாரம் கட்டிய மூட்டை

மேல்வீட்டுக் கஜந்தி தனக்குச் செய்வினை செய்கிறாள் என்று பாக்கியரத்தினம் முடிவுகட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில்.

கண்ணால் கண்டார். வெளிப்படிக்கட்டில் அவள் ஒரு மண்மூட்டையைத் தோளில் போட்டு ஏறிக்கொண்டிருந்தாள். மூட்டைக்கு, ஆள் இடுப்பில் உடுத்துகிற மாதிரியே, சாரம் கட்டியிருந்தது. அது அவருடைய சாரம்.

போன மாதம் பழைய சாரம் ஒன்று தரச்சொல்லி அவளேதான் வந்து கேட்டாள். நிலம் துடைக்கவாக்கும் என்று கொடுத்துவிட்டார். உடுத்த துணி அடுத்தவர் கைக்குப் போனால் என்னென்ன செய்வார்கள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பாக்கியரத்தினம் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். தனியாள். கடலுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு தெருதான். சீனி வருத்தம் வலது காலை முழங்காலோடு கொண்டுபோனது. ரோசத்தை விட்டுவிட்டுப் போனது. கஜந்தி குடிவந்த அன்று அவர் வாசற்படியில் தடுமாற, பிடிக்க ஓடிவந்தாள்.

"என்னை ஒருத்தரும் தூக்கத் தேவையில்லை, பிள்ளை" என்றார்.

அதன்பிறகு அவள் கிட்ட வரவேயில்லை. தூர நின்றே செய்கிறாள் போல.

நாள்தோறும் கவனித்தார். வெருகல் பக்கத்துப் பெண், தையல் கடையில் வேலை, ஈர்க்கு மாதிரி உடம்பு. நாலு மாதத்துக்கு முன் அரை மூட்டையோடு ஐந்தாம் படியில் குந்திவிட்டவள், இப்போது முழு மூட்டையோடு உச்சிக்கே போகிறாள். ஆனால் கை ஒரு நூல்கூடப் பருக்கவில்லை. கண்ணாடிக் காப்பு அதே தளர்வில் கிலுங்கியது. ஏறும்போது வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள். மேலே போய் மூட்டையைப் பொத்தென்று போடுவதும் இல்லை. தலைப்பக்கத்தை உள்ளங்கையில் தாங்கி, மெல்லக் கிடத்துவாள். பிறகு திரும்பவும் கீழே இறக்கிப் படியடியில் வைப்பாள்.

ஒருநாள் அவள் வேலைக்குப் போனபின், படியடியில் கிடந்த மூட்டையை ஊன்றுகோலால் புரட்டினார். சோக்கால் எழுதியிருந்தது: ஐயா 58.

வாராவாரம் வந்து காலுக்குப் பயிற்சி கொடுக்கும் தர்சன், முந்தினநாள்தான் அவரை நிறுத்துப் பார்த்து விறாந்தைக் கலண்டரில் குறித்திருந்தான். ஐம்பத்தெட்டு கிலோ.

பயத்தில் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் நிறை ஐம்பத்தேழு. மறுநாள் மூட்டையைப் புரட்டினார். எட்டு அழிந்து ஏழாகியிருந்தது.

உயிரைக் கொஞ்சங் கொஞ்சமாக உருவுகிறாள். இனிச் சந்தேகமே இல்லை.

அடுத்த தடவை தர்சன் வந்தபோது, வேறு யாருடைய கதையோ போல, சதை வைக்காத கைக்குப் பலம் எங்கேயிருந்து வரும் என்று கேட்டார்.

"வரும் ஐயா. எங்கட தசை முழுக்க ஒரே நேரத்தில வேலை செய்யிறேல்லை. கொஞ்சம் சும்மா படுத்துக் கிடக்கும். ஒரே பாரத்தைத் திருப்பித் திருப்பித் தூக்கினால், படுத்துக் கிடக்கிறதையும் எழுப்ப நரம்பு பழகியிடும். கை அப்பிடியே இருக்கும், பலம் மட்டும் கூடும்."

அவன் எவ்வளவோ விளக்கினான். அவர் காதில் விழுந்தது ஒன்றுதான்: படுத்துக் கிடக்கிறதை எழுப்புகிறாள்.

அன்றே வீட்டுக்காரர் சிவகுருநாதனுக்குப் போன் பண்ணினார். ஒன்று அவள், இல்லாவிட்டால் நான். சிவகுருநாதனுக்குச் செய்வினையில் நம்பிக்கை இல்லை. ஆனால் இருபது வருடப் பழக்கத்தை முறிக்கவும் மனமில்லை. அறை வேறு தேவைக்கு வேண்டும் என்று கஜந்தியிடம் பொய் சொன்னார். அவள் காரணம் கிண்டவில்லை. ஓர்ஸ் ஹில்லில் ஒரு அறை பார்த்துக்கொண்டாள்.

போகிற அன்று, பையும் கையுமாக வாசலில் நின்றாள்.

"ஐயா, மேல்வீட்டுக் கதவை மட்டும் பூட்டிவைக்க விடாதேங்கோ."

மேலே எதையோ விட்டுவிட்டுப் போகிறாள் என்று அவருக்குப் பட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கண்ணைத் துடைத்தபடி ஓட்டோவில் ஏறியதை அவர் பார்க்கவில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரம் படிக்கட்டில் சத்தமில்லை. பெரிய ஆறுதல்தான். ஆனாலும் கண் அங்கேயே போனது. படியடியில், அவருடைய சாரத்தைக் கட்டிக்கொண்டு, அவருடைய நிறையில், மூட்டை அப்படியே கிடந்தது.

மேலே அறையைப் பார்க்கப் போன சிவகுருநாதன் இறங்கிவர நேரமெடுத்தது. வந்தவர் ஒரு கடதாசியை நீட்டினார். கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்ததாம்.

பாக்கியரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

'இனி மேல்வீட்டுக்கு வாற ஆளுக்கு: கீழ்வீட்டு ஐயா இப்ப 57 கிலோ. நிறை மாறினால் விறாந்தைக் கலண்டரில இருக்கும், மூட்டையில மண்ணைக் கூட்டிக் குறையுங்கோ. சாரம் கட்டின ஆளைத் தூக்கேக்க வழுக்கும், அதுதான் மூட்டைக்கும் கட்டினனான். பதினெட்டுப் படி. எண்ணிக்கொண்டு ஏறினால் களைக்காது. 2004இல எனக்குப் பதினைஞ்சு வயசு, எங்கட அப்பாவைத் தூக்க ஏலாமல் போச்சு. இதை ஐயாவிட்டச் சொல்லாதேங்கோ, ஆரும் தன்னைத் தூக்கிறது அவருக்குப் பிடிக்காது. கடல் வந்தால் கேக்காமல் தூக்குங்கோ.'