கடைசி ரெய்டு

"கால் தவறிப் போவல. நீயாத்தான் கோட்டுக்கு வெளிய வச்ச. நான் பாத்தேன்டி!"

ராணியம்மாள் போட்ட சத்தத்தில் உத்திரமேரூர் மைதானமே திரும்பிப் பார்த்தது. மகள் இளவரசி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

கோபம் வராமல் இருக்குமா? மாவட்டக் கபடி ஃபைனல். ரெண்டு பக்கமும் இருபத்தெட்டு பாயிண்ட். கடைசி ரெய்டு. திருப்புலிவனம் டீம் கேப்டன் இளவரசி சும்மா உள்ளே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தால்கூட எக்ஸ்ட்ரா டைம் கிடைத்திருக்கும். அவளை யாரும் தொடக்கூட இல்லை. அவளாகவே ஓரக்கோட்டைத் தாண்டிப் போய் நின்றாள். விசில் ஊதிவிட்டார்கள். ஒரே பாயிண்ட்டில் போச்சு!

ஜெயித்த டீமை அந்த டீமின் மாஸ்டரே பத்து நாள் கேம்ப்பில் தங்கவைத்து, அப்படியே மாநிலப் போட்டிக்குக் கூட்டிப் போவார். பிள்ளைகள் துணிமணியோடுதான் மைதானத்துக்கே வந்திருந்தார்கள்.

"எதிர் டீம்கிட்ட எதுனா வாங்கிக்கினியா இளவரசி?" என்று கேட்டார் கூட வந்த ஊர்க்காரர் சின்னராசு.

பளாரென்று இளவரசி கன்னத்தில் ஒரு அறை. அடித்தது ராணியம்மாள்.

"ஐயோ, அடிக்காதீங்கம்மா!" என்று ஓடி வந்தார் மோகன்குமார் மாஸ்டர்.

அஞ்சு வருஷமாக ஒரு பைசா வாங்காமல் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தருகிற மனுஷன். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு! கேம்ப்புக்குப் போனதும் பிள்ளைகளின் போனை வாங்கிப் பூட்டிவிடுவார். பெற்றவர்கள் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கக் கூடாது. ஆட்டத்தில் கவனம் போய்விடுமாம். ஊரே அதை மெச்சிக்கொண்டது.

"சின்னப் பொண்ணு, வுடுங்க" என்று இளவரசியின் தோளில் கை வைக்கப் போனார். அவள் சட்டென்று அம்மாவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"திமிரைப் பாரு! மாஸ்டர் பரிஞ்சு பேசறாரு, மூஞ்ச திருப்பிக்கினு கீறா!" என்றார் சின்னராசு.

மாஸ்டர் சிரித்தார். "கேம்ப்பு போனா போவுது. நம்ம சுகிர்தா கால்ல நல்ல வேகம் கீது. அவளை மட்டும் நான் கூட்டிக்கினு போறேன். காஞ்சிபுரத்துல நான் தங்கற வூட்லயே பத்து நாள் தங்கி பிராக்டிஸ் பண்ணட்டும். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல சீட்டு வாங்கித் தர்றது எம்பொறுப்பு."

டீமிலேயே சின்னவள் சுகிர்தா. பதிமூணு வயசு. அவள் அம்மா மேரி நடவுக் கூலிக்குப் போகிறவள். மேரிக்குக் கண்ணெல்லாம் தண்ணீர்.

"நீங்க நல்லா இருக்கணும் மாஸ்டர். இனிமே அவளுக்கு அப்பா அம்மா எல்லாம் நீங்கதான். ஏய் சுகிர்தா, போய் உன் பைய எடுத்துக்கினு வா."

"வாணாம் மேரிக்கா, அனுப்பாதீங்க!"

அதுவரை வாயே திறக்காத இளவரசிதான் கத்தினாள்.

"ஏம்மா? எம்பொண்ணு முன்னுக்கு வரக் கூடாதா?" மேரிக்குச் சுருக்கென்றது.

"வேற இன்னா, பொறாமை!" என்றது கூட்டம்.

மாஸ்டரின் சிரிப்பு போயே போச்சு. "இளவரசி, யோசிச்சுப் பேசு. அடுத்த வருஷம் டீம்ல உன் பேரு வேணுமா, வாணாமா?"

சுகிர்தா பையோடு ஓடி வந்தாள். மாஸ்டர் அதை வாங்கி பைக்கில் மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

இளவரசி அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் சொன்னா நம்ப மாட்டாங்கம்மா. நீ சொல்லு. போன வருஷம் கேம்ப்லேந்து வந்து உங்கிட்ட சொன்னேனே, அத்த சொல்லு!"

எல்லார் கண்ணும் ராணியம்மாள் மேல். 'தோத்த துக்கத்துல ஒளறுறா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் அமுங்கிவிடும். பொண்ணுக்கு நாளைக்கு ஒரு வரன் வரவேண்டாமா? சொந்தபந்தத்தில் தலைநிமிர்ந்து நடக்கவேண்டாமா?

சுகிர்தா பின் சீட்டில் ஏறக் காலைத் தூக்கினாள்.

ராணியம்மாள் ஒரே ஓட்டமாக ஓடி பைக் சாவியைப் பிடுங்கினாள்.

"எறங்குடி கண்ணு! மேரி, இந்தாளுகூட உம்பொண்ண அனுப்பாத. தொடக் கூடாத எடத்துல எம்பொண்ண தொட்டவன் இவன். சின்னராசு, ஸ்கூல் செவுத்துல எழுதிக்கீதே, புள்ளைங்களுக்கு உதவி நம்பர் 1098, அதுக்குப் போனப் போடு!"

"பொய்! அபாண்டம்!" என்று கத்தினார் மாஸ்டர். வண்டியை விட்டு இறங்கப் பார்த்தவரைச் சுற்றி ஆட்கள் நெருங்கிவிட்டார்கள்.

"ஒங்க பொண்ணுங்க யாரும் இவன்கூட கேம்ப்புக்குப் போவக் கூடாதுன்னுதான் எம்மவ வேணும்னே தோத்துக்கீறா" என்றாள் ராணியம்மாள்.

மேரி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி... உனக்கு எப்பக்கா தெரியும் இது?"

ராணியம்மாள் மகளின் சிவந்த கன்னத்தைப் பார்த்தாள்.

"போன வருஷமே தெரியும் மேரி. வெளிய சொன்னா மானம் போயிடும்னு இவ வாயப் பொத்தி, திரும்பவும் இவன்கிட்டயே ஆட அனுப்பினவ நான்தான்."