எல்லைச் சண்டை

"நாப்பத்தோரு நாளாச் சொல்லிக்கிட்டிருக்கேன் மெம்பரே! உங்க வார்டுக் குப்பையை உங்க வார்டுக்குள்ளயே வச்சுக்கங்க!"

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வாறுகால் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றாள் பாலாமணி. அந்தப் பக்கம், வேட்டியை மடித்துக் கட்டியபடி சௌடையா. அருப்புக்கோட்டையின் அந்தத் தெருமுனையில் ஓடும் சாக்கடை வாறுகால்தான் இரண்டு வார்டுக்கும் எல்லை. இந்தப் பக்கத்துக்கு அவள் கவுன்சிலர். அந்தப் பக்கத்துக்கு அவர். கட்சியும் வேறு வேறு.

"எது என் வார்டுக் குப்பை?"

"அந்தா கெடக்கே, வாழைப்பழத் தோலு."

"தோலுல வார்டு நம்பர் அச்சடிச்சிருக்கோ?"

"எதுக்கு அச்சடிக்கணும்? பாதிப் பழத்தைத் தோலோட விட்டெறியிற சோம்பேறிக உங்க பக்கந்தான் இருக்காக!"

இந்தப் பக்கத்துக் கூட்டம் விசிலடித்தது. விடிந்தும் விடியாத நேரத்தில், வாயில் பிரஷ்ஷோடும் இடுப்பில் பிள்ளையோடும் இரண்டு வார்டும் திரண்டு நின்றன.

"யாரும்மா சோம்பேறி? அஞ்சு மணிக்கே எங்க பக்கம் தறிச் சத்தம் கேக்கும். உங்க பக்கம் கேக்குறதெல்லாம் கொறட்டைதான்!"

இப்போது அந்தப் பக்கம் கைதட்டல்.

கையில் குப்பைக் கேரிபேக்கோடு வந்த ரத்தினம், கூட்டத்தைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"ஏலே ரத்தினம், இங்க கொட்டித் தொலைச்சிராதலே. நம்ம மெம்பரம்மா மானம் போயிரும். குப்பை வண்டி வரும், அதுல போடு" என்றது ஒரு குரல். ரத்தினம் வந்த வழியே திரும்பினான்.

பால் பூத் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் தேவிபிரியா. பாலாமணியின் மகள் அவள். சௌடையாவுக்குப் பின்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்ற சௌந்தர், அவருடைய மகன். விருதுநகருக்கு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்ததில் இருவருக்கும் பிடித்துப்போய் இரண்டு வருஷமாகிறது. இரண்டும் நெசவுக் குடும்பம். வீட்டில் பேசுவதும் ஒரே கன்னடம். இந்தச் சண்டை தொடங்கும்வரை தடை என்று எதுவும் இருந்ததில்லை.

சௌடையா துண்டை உதறித் தோளில் போட்டார். "இந்த ஜென்மத்துல உங்க வீட்டு வாசப்படியை என் குடும்பத்துல ஒருத்தரும் மிதிக்க மாட்டோம்!"

"கூப்பிட்டாத்தானே மிதிக்க!" என்றாள் பாலாமணி.

தேவிபிரியாவின் போனில் சௌந்தரின் மெசேஜ் வந்து விழுந்தது. 'இன்னைக்கே அப்பாகிட்ட சொல்லிடறேன். நீயும் உங்கம்மாகிட்ட சொல்லிரு. இதுக்கு மேல விட்டா நமக்குக் கல்யாணமே நடக்காது.'

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு வெந்நீர் கேட்டாள். டம்ளரை நீட்டிய தேவிபிரியா, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அம்மா வெந்நீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு, "இப்ப அந்தப் பேச்சை எடுக்காத" என்றாள்.

"ஏம்மா? சௌந்தர் என்ன பாவம் பண்ணுனாரு? நீங்க ரெண்டு பேரும் சண்டையை நிறுத்துனா..."

"அது முடியாது."

"ஒரு தெருமுனைக்காக என் வாழ்க்கையை விட்டுருவியா? உனக்கு நான் பெருசா, குப்பை பெருசா?"

"இருடி, யோசிச்சுச் சொல்றேன்."

தேவிபிரியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்போது அம்மாவின் போன் அடித்தது. திரையில் சௌடையாவின் பெயர். சௌந்தர் சொல்லிவிட்டான் போலிருக்கிறது; இனி வீடு ரெண்டுபடும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மா நிதானமாக எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

தெருவில் தமிழில் இடியாக இறங்கிய அதே குரல், வீட்டுக் கன்னடத்தில் குழைந்து வந்தது.

"தங்கச்சி, மிளகுப் பால் குடிச்சியா? இன்னைக்கு உன் தொண்டை ரொம்பக் கட்டியிருந்துச்சே."

"குடிக்கணும்ணே."

"நாளைக்கு எதை வச்சுத் தாயி சண்டை போட? தெருமுனை தொடைச்சு வச்ச மாதிரி கெடக்கு. இன்னைக்குத் தோலே நான் வீட்டுல இருந்து கொண்டாந்து போட்டதுதான்."

தேவிபிரியா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்புறம் தங்கச்சி, இவன் வந்து சொல்லிட்டான். கோவிச்சுக்கிட்ட மாதிரி வெளிய வந்து நிக்கிறேன். சிரிப்பை அடக்க முடியல."

"இங்கயும் சொல்லியாச்சுண்ணே. நான் பார்த்துக்கிறேன், வைங்க."

போனை வைத்துவிட்டு அம்மா மகளைப் பார்த்தாள்.

"அப்ப இம்புட்டு நாளும்..." என்று இழுத்தாள் தேவிபிரியா.

"தொட்டி வச்சுப் பார்த்தோம், போர்டு வச்சுப் பார்த்தோம், ஃபைன் போட்டுப் பார்த்தோம். எவனும் அடங்கல. நம்ம மெம்பரு தோத்துரக் கூடாதுன்னு ரோசம் வந்த பெறகுதான் ரெண்டு பக்கமும் அந்தத் தெருமுனைக்குக் குப்பைப் பையைத் தூக்குறதை விட்டாக. வண்டியில போடுற பழக்கம் இப்பத்தான் ஒட்டுது. இன்னும் மூணு மாசமாவது ஓட்டணும்."

"எங்க விசயம்?"

அம்மா எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரே பஸ்ஸுல ஒரே சீட்டுல போனா எங்களுக்குத் தெரியாதா? தை மாசமே பேசி முடிச்சாச்சு, வைகாசியில முகூர்த்தம்; அதுவரைக்கும் வாயைத் தொறந்துராத, உன் மாமனாரை நான் தெனமும் தெருவுல நிக்க வச்சுத் திட்டியாகணும்!"