ராத்திரி மாத்திரை

லூர்துராஜ் அந்த மாத்திரையைக் காலையில் போட்டிருக்கக் கூடாது. மனைவி பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து அவனுக்குக் கை முழுக்க அரிப்பு, நெஞ்சில் படபடப்பு. "ரெண்டுக்கும் இது கேக்கும். ஆனா தூக்கம் வரும். ராத்திரி மட்டும் போடுங்க, போட்டுட்டு வண்டியத் தொடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று விடிந்தும் அரிப்பு அடங்கவில்லை. பொறுக்க மாட்டாமல் இன்னொன்றை விழுங்கிவிட்டுப் பள்ளிக்கூட வேனை எடுத்தான்.

ரயில்வே கேட்டில் காத்து நின்றபோது அவன் தலை ஸ்டியரிங்கில் மோதியது. விழித்துப் பார்த்தால் கேட் திறந்திருந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவன் வேனை நகர்த்தவில்லை. சாவியை உருவிக்கொண்டு இறங்கி முதலாளிக்குப் போன் செய்தான்.

"அண்ணாச்சி, நீங்க வாங்க. என்னால ஓட்ட முடியாது."

"குடிச்சிருக்கியாலே?"

"இல்ல, மாத்திரை போட்டேன்."

முதலாளி தவசிமுத்து பைக்கில் வந்து இறங்கி, நேராக அவன் முகத்தருகே வந்தார்.

"ஊது."

ஊதினான். ஜன்னல் முழுக்கப் பிள்ளைகளின் முகங்கள். வெட்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மாத்திரை அதையும் சேர்த்தே அமர்த்தியிருந்தது.

தவசிமுத்து சாவியை வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு வேலைக்கு வரட்டுமா அண்ணாச்சி?"

அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார்.

"பின்னால ஏறு."

பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். அவர் கியர் போடுவதற்குள் அவன் தூங்கிப்போயிருந்தான்.